24+24 என்பது 48 இல்லை: கார் பேட்டரி வாரண்டி பற்றி

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். மடிப்பாக்கத்தில் இருக்கிறீர்கள், சின்ன பெட்ரோல் கார். “48 மாத வாரண்டி” என்று சொல்லி விற்ற பேட்டரி 29-வது மாதத்தில் படுத்துவிட்டது. காலையில் செல்ஃப் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு வண்டியின் பேட்டரியிலிருந்து கேபிள் போட்டு ஜம்ப் கொடுத்து, வாங்கிய கடைக்கே ஓட்டிப் போனீர்கள். கடைக்காரர் “சார்ஜ் போட்டுப் பாக்கணும் சார்” என்று மூன்று நாள் வைத்துக்கொண்டார். பிறகு “இது ப்ரோ ரேட்டா, 4,600 ரூபாய் கட்டுங்க, புதுசு தரேன்” என்கிறார். இது ஏமாற்றுதானே என்று கேட்கிறீர்கள். ஜம்ப் கொடுத்ததாலோ, போன வருடம் டேஷ்கேம் (காருக்குள் மாட்டும் வீடியோ கேமரா) மாட்டியதாலோ வாரண்டி செத்துவிடுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நான் அம்பத்தூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஒன்பது வருடம் ஆட்டோ எலெக்ட்ரீஷியனாக இருந்தேன். அதற்குப் பிறகு பதின்மூன்று வருடம் ஒரு பேட்டரி டீலரிடம் க்ளெய்ம் டெஸ்டிங். அதாவது, உங்களைப் போலக் கோபமாக வருகிறவர்களின் பேட்டரியைச் சோதித்து, “மாத்தித் தரலாம்”, “தர முடியாது” என்று எழுதிக் கொடுப்பதுதான் வேலை. இப்போது எந்தக் கடையோடும் கம்பெனியோடும் தொடர்பில்லை. உங்கள் பேட்டரியை நான் தொட்டுப் பார்க்கவில்லை. அதனால் அது ஏன் செத்தது என்று கீழே சொல்வதை ஊகமாக எடுத்துக்கொள்ளுங்கள். வாரண்டி எப்படி நடக்கிறது, கணக்கு எப்படிப் போடுகிறார்கள் என்பதெல்லாம் ஊகமில்லை.

முதலில் அந்த 48. உங்கள் வாரண்டி கார்டை எடுத்துப் பாருங்கள், 24+24 என்று இருக்கும். பெரும்பாலான கார் பேட்டரிகளில் இப்படித்தான் நடுவில் ஒரு கூட்டல் குறி இருக்கும்: 18+18, 24+24, 30+30, 36+36. குறிக்கு முன்னால் இருப்பது இலவசமாக மாற்றித் தரும் காலம். பின்னால் இருப்பது ப்ரோ ரேட்டா, அதாவது பழுதானால் புதிய பேட்டரியைத் தள்ளுபடி விலையில் தரும் காலம். மாதம் ஏற ஏறத் தள்ளுபடி இறங்கும். எந்த மாதத்துக்கு எத்தனை சதவீதம் என்று கார்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு அட்டவணை இருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் அது வேறுபடும். விற்கிறவர் இரண்டையும் கூட்டி “நாலு வருஷம் சார்” என்று சொல்லிவிடுகிறார். பொய் என்று அடித்துச் சொல்ல முடியாது, முழு உண்மையும் இல்லை. என்னோடு வேலை பார்த்தவர்களும் அப்படித்தான் விற்றார்கள், அதை மறைப்பதில் பயனில்லை.

இரண்டாவதாக, பலரும் கவனிக்காமல் விடும் ஒன்று. கடைக்காரர் ப்ரோ ரேட்டாவில் மாற்றித் தருகிறேன் என்று சொன்ன நிமிடமே, பேட்டரியில் உற்பத்திக் கோளாறு இருப்பதாகக் கம்பெனி தரப்பு ஒப்புக்கொண்டுவிட்டது. ப்ரோ ரேட்டாவும் வாரண்டிதான். கோளாறு இல்லாத பேட்டரிக்கு அந்தத் தள்ளுபடியும் கிடையாது, சார்ஜ் போட்டுத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள். ஆகவே ஜம்ப், டேஷ்கேம் என்று நீங்கள் பயந்ததெல்லாம் இந்தத் தடவைக்கு முடிந்துபோன விஷயம். 29-வது மாதத்தில் பணம் கேட்டதும் கார்டின்படி சரிதான். அந்த 4,600 எங்கிருந்து வந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இங்கேதான் கொஞ்சம் நின்று கணக்குப் போட வேண்டும். ப்ரோ ரேட்டா தள்ளுபடி எம்.ஆர்.பி. விலையில் கழிப்பது, நீங்கள் 29 மாதம் முன்னால் கொடுத்த விலையில் இல்லை. அதுவும் வாங்கிய நாளின் எம்.ஆர்.பி. இல்லை, பெரும்பாலும் க்ளெய்ம் செய்யும் நாளின் எம்.ஆர்.பி. ஆனால் சென்னையில் எம்.ஆர்.பி. கொடுத்து யார் பேட்டரி வாங்குகிறார்கள்? ஜி.பி. ரோட்டில் நாலு கடை ஏறி இறங்கினால் தள்ளுபடி கிடைக்கும், பழைய பேட்டரிக்கு எக்ஸ்சேஞ்ச் விலையும் கழிப்பார்கள். உதாரணத்துக்கு உங்கள் மாடலின் எம்.ஆர்.பி. 7,000 என்று வைத்துக்கொள்வோம். 4,600 கேட்கிறார் என்றால் ஏறக்குறைய 34 சதவீதம் கழித்திருக்கிறார். அதே பேட்டரியை வேறு கடையில் புதிதாகவே வாங்கினால் 20 சதவீதத் தள்ளுபடி போக 5,600, பழையதற்கு 800 கழித்தால் 4,800. ப்ரோ ரேட்டாவில் உங்கள் பழைய பேட்டரி கம்பெனிக்குப் போய்விடும், அதற்குத் தனியாகக் காசு கிடையாது. ஆக மிச்சம் இருக்கும் 19 மாத வாரண்டியின் மதிப்பு இந்தக் கணக்கில் 200 ரூபாய். 40-வது மாதம் தாண்டிய க்ளெய்ம்களில், ப்ரோ ரேட்டா விலை கடை விலையைவிட அதிகமாக வந்ததை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். அப்படி வந்தவர்களிடம் “சார், க்ளெய்ம் வேண்டாம், எக்ஸ்சேஞ்ச்ல வாங்கிக்குங்க” என்று சொல்லி முதலாளியிடம் திட்டு வாங்கியதும் உண்டு.

ஒரு சின்ன எச்சரிக்கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் இந்த வகை பேட்டரிக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. கடைக்காரர் பழைய விலைப்பட்டியலை வைத்துக் கணக்குப் போட்டிருந்தால் உங்களுக்கு நஷ்டம். இன்றைய எம்.ஆர்.பி. எது என்று கேட்டு, புதுப் பேட்டரி மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் பார்த்த பிறகு பேசுங்கள்.

கணக்கில் இன்னொரு முடிச்சு, மாற்றித் தரும் பேட்டரிக்கு எத்தனை மாத வாரண்டி என்பது. இலவசக் காலத்தில் மாற்றினால் பொதுவாக மிச்சமிருக்கும் மாதங்கள்தான் ஓடும். 10-வது மாதத்தில் மாற்றிய பேட்டரிக்கு மறுபடி 24 தொடங்காது, 14 தான். ப்ரோ ரேட்டாவில் பணம் கொடுத்து வாங்குவதால், புது வாரண்டி தொடங்குகிறதா, பழையதன் மிச்சம் மட்டுமா என்பதைக் கேட்டு, பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். முதலிலிருந்து தொடங்கும் என்றால் 4,600 நல்ல பேரம். வெறும் 19 மாத மிச்சம்தான் என்றால், 200 ரூபாய் கூடப் போட்டு வெளியே புதிதாக வாங்கி முழு வாரண்டியும் எடுத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

மூன்று நாள் வைத்துக்கொண்டது பற்றி. இதில் கடைக்காரர் மேல் தப்பில்லை என்றே நினைக்கிறேன். காலியான பேட்டரியைச் சோதிக்க முடியாது, முதலில் சார்ஜ் ஏற்றியாக வேண்டும். ஒழுங்காக ஏற்றினால் மெதுவாக, 35 ஆம்பியர்-அவர் கொள்ளளவுள்ள பேட்டரிக்கு மூன்றரை ஆம்பியர் அளவில், ஒரு பகலோ ஒரு இரவோ பிடிக்கும். பிறகு சில மணி நேரம் ஆற விட வேண்டும். சார்ஜரைக் கழற்றிய கையோடு மீட்டர் வைத்தால் 13-க்கு மேல்கூடக் காட்டும், அது மேலோட்டமான வோல்டேஜ். ஆறிய பிறகு 12.6-க்குப் பக்கத்தில் நின்றால் சார்ஜ் முழுதாக ஏறியிருக்கிறது, 12.2 என்றால் பாதிதான். அதற்குமேல் லோட் டெஸ்டர் வைத்து, செல்ஃப் மோட்டார் இழுப்பதுபோல 15 விநாடி இழுத்துப் பார்ப்போம். 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தேறாது. பத்து நிமிடத்தில் மீட்டர் வைத்துப் பார்த்து “பேட்டரி போச்சு சார், புதுசு போட்டுடலாம்” என்கிறவரைவிட மூன்று நாள் எடுத்துக்கொண்டவரை நான் நம்புவேன். அந்த மூன்று நாளைக்கு ஒரு சர்வீஸ் பேட்டரி கொடுத்திருக்க வேண்டும் என்பது வேறு. கேட்டால் பல டீலர்கள் கொடுப்பார்கள், கேட்காவிட்டால் யாரும் கொடுப்பதில்லை.

டெஸ்டிங் மேஜையில் எங்களுக்கு முதலில் தெரிய வேண்டியது ஒன்றுதான்: குற்றம் பேட்டரியுடையதா, வண்டியுடையதா? 12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு செல், ஒவ்வொன்றும் 2.1 வோல்ட். முழுதாகச் சார்ஜ் ஏற்றியும் 10.5-ல் நின்றால் கணக்கு தானே சொல்லிவிடும், ஐந்து செல் உயிரோடு இருக்கிறது, ஒன்று செத்துவிட்டது. செல் டெட் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். மூடி திறக்கிற வகையாக இருந்தால் ஹைட்ரோமீட்டரில் ஆசிட் கிராவிட்டி, அதாவது ஆசிட்டின் அடர்த்தி, பார்ப்போம். ஐந்து செல் 1.250 காட்டி ஒன்று மட்டும் 1.150 காட்டினால் பேச்சே இல்லை, உற்பத்திக் கோளாறு, க்ளெய்ம் பாஸ். ஆறு செல்லும் ஒன்றுபோலக் குறைவாக இருந்தால் வண்டி ஒழுங்காகச் சார்ஜ் கொடுக்கவில்லை, அல்லது வண்டி நெடுநாள் சும்மா நின்றிருக்கிறது. ஆசிட் கறுத்திருந்தாலும், டப்பா வயிறு உப்பியிருந்தாலும் ஓவர் சார்ஜ் என்று சந்தேகிப்போம். டெர்மினல் முண்டில் சுத்தியல் தழும்பு இருந்தால் அங்கேயே ரிஜெக்ட். பேட்டரி மேலே பச்சைக் கண் ஒன்று இருக்கும், அதைப் பார்த்து “பச்சையா இருக்கே” என்று சண்டை போடுவார்கள். அது ஆறில் ஒரே ஒரு செல்லைத்தான் பார்க்கிறது. பக்கத்துச் செல் செத்திருந்தாலும் அது பச்சையாகவே சிரிக்கும்.

இந்தச் சோதனை எல்லா நேரமும் சரியாக வரும் என்று சொல்ல மாட்டேன். ஒருமுறை அண்ணாநகர்க்காரர் ஒருவரின் பேட்டரியை இரண்டு தடவை “நல்லாத்தான் இருக்கு, டிஸ்சார்ஜ் மட்டும்தான்” என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். காலையில் கடைக்கு வந்தால் எடுக்கும், மத்தியானம் வெயிலில் நின்றால் எடுக்காது. மூன்றாவது முறை அவரே வண்டியைக் கடை வாசலில் வெயிலில் நிறுத்திவிட்டு இரண்டு மணிக்கு என்னைக் கூப்பிட்டார். உள்ளே ஒரு செல்லையும் அடுத்த செல்லையும் இணைக்கும் பற்றவைப்பு விட்டிருந்தது. குளிர்ந்தால் ஒட்டும், சூடானால் பிரியும். ஏ.சி. அறையில் சோதித்த எனக்கு அது எப்படித் தெரியும்? அன்றிலிருந்து, யாராவது “எப்பவாவதுதான் சார் எடுக்கல” என்று சொன்னால் எந்த நேரத்தில் என்று கேட்கப் பழகினேன். அதனால், உங்கள் பேட்டரியை ஒரு டீலர் நன்றாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்து, அதே கோளாறு மறுபடி வந்தால், இன்னொரு டீலரிடம் காட்டவோ கம்பெனியின் சர்வீஸ் ஆளை வரவழைக்கவோ தயங்க வேண்டாம். அதே பிராண்டின் அங்கீகரிக்கப்பட்ட எந்த டீலரிடமும் பொதுவாக க்ளெய்ம் கொடுக்கலாம், வாங்கிய கடைதான் என்று இல்லை.

இனி ஊகம். 29 மாதம் என்பது சென்னைக்கு மிகக் குறைவு என்று சொல்ல மாட்டேன். குளிர் நாட்டில் பேட்டரியின் பலவீனம் குளிரில் தெரியவரும், இங்கே வெயிலே அதை அரிக்கிறது. வெப்பம் 10 டிகிரி ஏறினால் உள்ளே நடக்கும் ரசாயன வேலை ஏறக்குறைய இரட்டிப்பு வேகத்தில் நடக்கும் என்பது இந்தத் தொழிலில் பழைய கணக்கு. கத்திரி வெயிலில் பானெட்டுக்குள் கை வைத்தவர்களுக்கு அதைப் புத்தகம் வைத்துச் சொல்ல வேண்டியதில்லை. அதோடு மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை பக்கம் மெட்ரோ வேலைக்காகச் சாலை குறுகிக் கிடக்கிறது. ஏ.சி., லைட் எல்லாம் போட்டுக்கொண்டு மூன்று கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம் நின்று நின்று போனால், ஐடிலில் (வண்டி நின்றபடி இன்ஜின் மட்டும் ஓடும்போது) ஆல்டர்னேட்டர், அதாவது இன்ஜின் சுற்றிக் கரண்ட் உண்டாக்கும் கருவி, தருகிற கரண்ட் வண்டிக்கே சரியாகப் போய்விடும், பேட்டரிக்கு மிச்சம் வராது.

டேஷ்கேமைத்தான் நான் அதிகம் சந்தேகிக்கிறேன். நிறுத்திய வண்டி இழுக்கும் கரண்ட் 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சாதாரணம். அப்படியே 35 ஆம்பியர்-அவர் பேட்டரி காலியாக ஒரு மாதம் பிடிக்கும். பார்க்கிங் மோடில் இரவு முழுக்கப் படம் பிடிக்கிற கேமரா கால் ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கே 6 ஆம்பியர்-அவர். வெள்ளி மாலை நிறுத்தி திங்கள் காலை எடுத்தால் பாதி பேட்டரி போயிருக்கும். இப்படி அடிக்கடி பாதிக்குக் கீழே இறங்கினால் தகடுகளில் சல்பேட் கெட்டிப்பட்டு, பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. 2020 ஊரடங்கில் எங்கள் கடைக்கு வந்த பேட்டரிகளில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான், நிறுத்திய வண்டியிலேயே செத்தவை. ஒரு எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்து, வண்டி ஆஃப் ஆனதும் கேமராவும் ஆஃப் ஆகும்படி வயரை மாற்றச் சொல்லுங்கள். அதே கையோடு ஆல்டர்னேட்டரையும் பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜின் ஓடும்போது டெர்மினலில் 13.8 முதல் 14.5 வரை இருந்தால் நல்லது, 15-ஐத் தாண்டினால் புதுப் பேட்டரியையும் அது வேகவைத்துவிடும். சில புது மாடல்களில் கம்ப்யூட்டரே வோல்டேஜை ஏற்றி இறக்கும், அவற்றில் ஒரே ஒரு அளவை வைத்து முடிவு கட்டக்கூடாது. இதைப் பார்க்காமல் புதுப் பேட்டரியை மாட்டினால் அடுத்த 29-வது மாதத்தில் நீங்கள் மறுபடி இதே கேள்வியோடு வருவீர்கள்.

ஜம்ப் கொடுப்பதால் வாரண்டி போகாது, சரியாகக் கொடுத்தால். ப்ளஸ்ஸும் மைனஸும் மாறினால் ஃப்யூஸும் ஆல்டர்னேட்டர் டயோடும் போகும், டெர்மினலில் கருகிய தடம் நிற்கும், அதை வைத்து மறுப்பார்கள். மற்ற காரணங்களைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். சொந்த உபயோக வாரண்டி மஞ்சள் போர்டு வண்டிக்குப் பொதுவாகப் பொருந்தாது, அல்லது காலம் குறையும். சிக்னலில் தானே ஆஃப் ஆகி ஆன் ஆகும் வண்டிக்கு அடிக்கடி ஸ்டார்ட் ஆவதைத் தாங்கும் ஈ.எஃப்.பி. வகை பேட்டரி வேண்டும், சாதாரணத்தை மாட்டினால் சீக்கிரம் சாகும், வாரண்டியும் நிற்காது. வெள்ளத்தில் மூழ்கியது வாரண்டியில் வராது. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சேறு அப்பிய பேட்டரிகளோடு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பியது இன்னும் மனசில் இருக்கிறது. அதற்குக் கேட்க வேண்டிய இடம் வண்டி இன்சூரன்ஸ். ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத கூடுதல் கவர்) எடுக்காத பாலிசியில் பேட்டரிக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள்.

கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போகலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். நான் வக்கீல் இல்லை, க்ளெய்ம் மேஜையில் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, பிரச்சினை எழுந்த இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். ஆனால் கார்டில் 24+24 என்று அச்சடித்திருந்தால் “48 என்று வாயால் சொன்னார்” என்பதை நிரூபிப்பது கஷ்டம். பில்லிலோ வாட்ஸ்அப்பிலோ கடைக்காரர் வெறுமனே 48 மாத வாரண்டி என்று எழுதியிருந்தால் கதை வேறு, அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். ஒரு பேட்டரி விஷயத்தில் பெரும்பாலும் அந்த போன் போனதுமே கம்பெனி ஆள் கடைக்கு வந்துவிடுவார்.

பில் இல்லாமல் வாங்கியிருந்தால் மேலே சொன்னதில் பாதி பயன்படாது. நீங்கள் பில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதில் பேட்டரியின் சீரியல் நம்பர் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நாளைக்குக் கடைக்குப் போகும்போது மூன்று விஷயம் கேட்டு வாங்குங்கள்: டெஸ்ட் ரிப்போர்ட்டில் எழுதிய வோல்டேஜும் லோட் அளவும், இன்றைய எம்.ஆர்.பி.யும் அதில் கழித்த சதவீதமும், மாற்றித் தரும் பேட்டரியின் வாரண்டி எந்தத் தேதியிலிருந்து என்பதும். அவற்றையும் கார்டின் பின்பக்க அட்டவணையின் போட்டோவையும் இங்கே போட்டால், 4,600 சரியா என்று ரூபாய்க் கணக்கில் சொல்லிவிடுகிறேன்.